பிக்கப்பின் பின்பக்க சஸ்பென்ஷன்: புது பட்டை செட்டா, ஏர்பேக்கா? மாட்டும்போது எங்கெல்லாம் தவறுகிறது?

கூண்டுவண்டி

வணக்கம் நண்பர்களே. நான்கு கதவு பிக்கப். பின்னால் லீஃப் ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு), ஆக்ஸிலுக்கு மேலே பட்டை உட்கார்ந்திருக்கும் அமைப்பு. தொட்டி மேல் கூண்டும் உள்ளே கருவிப்பெட்டியும் நிரந்தரமாக இருக்கும், கழற்றும் எண்ணம் இல்லை.

அளவுகள்: காலி வண்டியில் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை 520 மி.மீ. இருந்தது, இப்போது 474. எடைமேடையில் பின் ஆக்ஸில் மட்டும் முன்பு 880 கிலோ, இப்போது 1160. தயாரிப்பாளர் தந்திருக்கும் பின் ஆக்ஸில் எல்லை 1700 கிலோ. அவ்வப்போது டிரெய்லர் இழுக்க வேண்டும், கொக்கியில் இறங்கும் பாரம் 120 கிலோ.

புது பட்டை செட் போடலாமா, இருக்கிற பட்டையோடு ஏர்பேக் (பாரம் தாங்கக் காற்று நிரப்பும் ரப்பர் பை) போதுமா? வேலையை நானே செய்யப் போகிறேன். அதனால் வரிசையும் டார்க் அளவும் (நட்டை எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பதும்) சொன்னால் உதவும்.

பட்டைக்கணக்கு

அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. "பின்னாடி தாழ்வா இருக்கு" என்று மட்டும் சொன்னால் யாராலும் சரியான ஸ்பிரிங் சொல்ல முடியாது.

உங்கள் எண்களையே எடுப்போம். 280 கிலோ ஏறியிருக்கிறது, பக்கத்துக்கு 140. இறக்கம் 46 மி.மீ. அதாவது இப்போதுள்ள பட்டை ஒவ்வொரு 3 கிலோவுக்கும் ஒரு மி.மீ. தாழ்கிறது. இதைவிட ஒன்றரை மடங்கு கடினமான செட், அதாவது மி.மீ.க்கு 4.5 கிலோ, போட்டாலும் அதே 140 கிலோவுக்கு 31 மி.மீ. தாழத்தான் செய்யும். லாபம் 15 மி.மீ. மட்டுமே. மீதி உயரம் பட்டையின் வளைவிலிருந்து வர வேண்டும். கடினம் வேறு, வளைவு வேறு. "50 மி.மீ. உயர்த்தும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த 50 எந்தப் பாரத்தோடு என்று கேளுங்கள். நிரந்தரப் பாரம் 300 கிலோ என்று குறித்த செட் உங்களுக்குப் பொருந்தும். 500 கிலோ செட் வேண்டாம். அது இந்தப் பாரத்துக்குத் தேவையில்லாமல் விறைப்பாக நிற்கும், அலைஅலையான மண் சாலையில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், வளைவில் பின்பக்கம் வெளியே ஓடும்.

டிரெய்லர் கணக்கையும் பார்த்துவிடுவோம். வீல்பேஸ் 3.1 மீட்டர், கொக்கி ஆக்ஸிலுக்குப் பின்னால் 1.3 மீட்டர் என்று வைத்தால், 120 கிலோ கொக்கிப் பாரம் பின் ஆக்ஸிலில் 170 கிலோவாக இறங்குகிறது. நெம்புகோல்தான். கூடுதலான அந்த 50 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து உருவப்படுகிறது. ஆக மொத்தம் பின்னால் 1330. ஆள், சாமான் ஏறினாலும் 1700க்குள் நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்த ஸ்பிரிங்கும் அந்த 1700ஐ 1800 ஆக்காது. ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையதுதானே.

காற்றுப்பை

ஏர்பேக்கை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். பாரம் அடிக்கடி மாறும் வண்டிக்கு அதுதான் வசதி. காலியாக ஓட்டும்போது 5 பி.எஸ்.ஐ., பாரம் ஏறினால் கூட்டிக்கொள்ளலாம். பெரும்பாலான கிட்டுகளுக்குக் குறைந்தபட்சம் 5, அதிகபட்சம் 100. காற்றே இல்லாமல் ஓட்டினால் பையின் மடிப்பு தன்மேலேயே உரசிக் கிழியும். பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) கழற்றிவிட்டு அதே இடத்தில் மேல் பிராக்கெட், ஆக்ஸில் மேல் கீழ் பிராக்கெட். பட்டையைத் தொடவே வேண்டாம்.

மாட்டுகிறவர்கள் தவறவிடுவது:

காற்றுக்குழாயைக் கட்டிங் பிளையரால் வெட்டக் கூடாது. வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் ஒரு பக்கம் பிடிக்காது. கூரான பிளேடால் நேர்செங்குத்தாக வெட்டி, உள்ளே முட்டும்வரை தள்ளி, பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள். வெளியே வரவே கூடாது.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. T வடிவ ஃபிட்டிங் போட்டு ஒன்றாக இணைத்தால், வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும், வண்டி இன்னும் அதிகமாகச் சாயும்.

பை சைலன்சர் குழாயிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெப்பத் தகடு கட்டாயம்.

முடித்ததும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். இரவு 50 பி.எஸ்.ஐ. வைத்துக் காலையில் பாருங்கள். 30 டிகிரியில் வைத்த 50, விடியலில் 10 டிகிரிக்கு இறங்கினால் கசிவே இல்லாமல் 46ஐ ஒட்டித்தான் காட்டும். அதைப் பார்த்து ஃபிட்டிங்கைக் கழற்ற வேண்டாம்.

பட்டைக்கணக்கு

சொன்னதெல்லாம் சரி, ஆனால் இந்த வண்டியின் பாரம் மாறுவதில்லையே. 280 கிலோ எப்போதும் அங்கேயேதான் நிற்கிறது. நிரந்தரப் பாரத்துக்கு ஏர்பேக் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணம் சேஸிஸ்.

லீஃப் ஸ்பிரிங் பாரத்தை சேஸிஸில் இரண்டு இடத்தில் ஏற்றுகிறது: முன் கண் (பட்டையின் முன்முனை வளையம்) மாட்டிய இடம் ஒன்று, பின் ஷேக்கிள் (பின்முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) மாட்டிய இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ஏர்பேக் அதே பாரத்தை இரண்டுக்கும் நடுவில், ஆக்ஸிலுக்கு நேர் மேலே, ஒரே புள்ளியில் கொண்டுபோய் முட்டுகிறது. அந்த இடம் பம்ப் ஸ்டாப் எப்போதாவது இடிப்பதற்காகச் செய்தது. நான்கு கதவு வண்டியில் தொட்டியின் பெரும்பகுதி ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்குகிறது, அதற்கும் பின்னால் கொக்கி. குழியில் விழுந்து எழும்போது வால் கீழே இழுக்க, ஏர்பேக் நடுவில் முட்டிக்கொடுக்க, சேஸிஸ் அந்தப் புள்ளியில் மடிகிறது. தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே விரிந்து கீழே குறுகியிருந்தால் அதுதான் முதல் அடையாளம்.

காற்றுப்பை

அதை ஒப்புக்கொள்கிறேன். காற்று என்பது உயரத்தைச் சமன் செய்ய மட்டும், அதிகப் பாரம் ஏற்ற அல்ல. பட்டையே தொய்ந்துபோன வண்டிக்கு ஏர்பேக் மருந்தும் அல்ல. கூண்டுவண்டி நண்பருக்கு 300 கிலோ பட்டை செட்தான் சரி. டிரெய்லர் நாளில் இறங்கும் 170 கிலோவுக்கு அது தாங்கும்.

சென்டர்போல்ட்

சரி, பட்டைன்னு முடிவாயிட்டதால வேலைக்கு வர்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல பொருள். பட்டை செட் ரெண்டு, புது யூ-போல்ட் (பட்டையை ஆக்ஸிலோட இறுக்கிப் பிடிக்கிற U வடிவக் கம்பி) நாலு, அதுக்கு நட்டும் கெட்டியான வாஷரும் எட்டு எட்டு, புஷ் (கண்ணுக்குள்ள போற மெத்தை உருளை) செட், ஷேக்கிள் ரெண்டு, முன் கண் போல்ட் ரெண்டு, ஷாக் அப்சார்பர் ரெண்டு. பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க. ஒருமுறை முழு டார்க்குல இழுபட்ட கம்பி அது, மரையும் நீண்டிருக்கும். ரெஞ்ச் "க்ளிக்"னு சொல்லும், ஆனா பிடிமானம் இருக்காது.

முந்தின நாளே எல்லா மரையிலயும் துரு எண்ணெய் அடிச்சு வையுங்க. நாலு மூலையிலயும் வளைவு உயரத்தை எழுதி வையுங்க, டயர் காற்றும் டேங்க் அளவும் சேர்த்து.

முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. பின்னாடி தூக்கி, ஸ்டாண்டை பட்டையோட முன் கண்ணுக்கு முன்னாடி சேஸிஸ்ல வையுங்க. ஆக்ஸிலுக்கு அடியில தனியா ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது.

ஒரு பக்கத்தை முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம். ரெண்டையும் ஒண்ணா அவிழ்த்தா ஆக்ஸில் ஜாக்கி மேல உருள ஆரம்பிக்கும், பினியன் மூக்கு (ஆக்ஸில்ல ஷாஃப்ட் மாட்டுற முனை) கீழ சாயும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

ஷாக் அப்சார்பர் கீழ் போல்ட், பிரேக் பைப் பிராக்கெட், ஏ.பி.எஸ். வயர் கிளிப், ஹேண்ட்பிரேக் கேபிள் பிடி, ஆக்ஸில் மூச்சுக்குழாய், பிரேக் வால்வோட இணைப்புக் கம்பி. இதெல்லாம் விடுபட்ட பிறகுதான் யூ-போல்ட். ஆக்ஸிலைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும்போது ஒரு கையால ஹோஸைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இறக்குங்க. விறைச்சா அங்கயே நிறுத்துங்க.

பட்டை கையில வந்ததும் புதுசையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, முன் கண்ணுல இருந்து சென்டர் போல்ட் (பட்டை அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்) வரைக்கும் அளங்க. நிறைய வண்டியில சென்டர் போல்ட் நடுவுல இருக்காது, முன்பாதி குட்டையா இருக்கும். திருப்பிப் போட்டா ஆக்ஸில் பின்னாடி போயிடும். சில செட்ல இடது வலதுன்னு குறியும் இருக்கும், ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் அதிகம் தாங்குற மாதிரி. அதையும் பாருங்க.

அடுத்தது யாரும் கவனிக்காத விஷயம், பெயின்ட். ஆக்ஸில் மேல பட்டை உட்கார்ற மேடையில தடிமனா பெயின்டோ துருப்பொருக்கோ இருந்தா, இன்னைக்கு டார்க் சரியா காட்டும். ஓட ஓட அந்தப் படலம் நசுங்கித் தூளாகும், யூ-போல்ட் தளரும். கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சுட்டு, மெல்லிசா ஒரு பூச்சு போதும். பட்டைக்கு அடியிலயும் அப்படியே.

பாலியூரித்தேன் புஷ்னா கிட்டோட வர்ற கிரீஸ் மட்டும்தான், உள்பக்கமும் பக்கவாட்டு முகமும் நல்லா தடவணும், இல்லன்னா கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வரும். ரப்பர் புஷ்னா கிரீஸே வேண்டாம்.

முன் கண், பின்னாடி ஷேக்கிள் ரெண்டையும் கையளவு மட்டும் முறுக்கி விடுங்க. ஆக்ஸிலை மேல தூக்கி, சென்டர் போல்ட் தலை மேடையோட குழியில முழுசா இறங்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. விளிம்புல ஏறி உட்கார்ந்தா ரெண்டு மூணு மி.மீ. இடைவெளி தெரியும். அப்படியே முறுக்கினா தலை நசுங்கும்.

யூ-போல்ட்: நாலு நட்டும் குறுக்கு வரிசையில, மூணு கட்டமா. நாலு முனையிலயும் வெளிய தெரியுற மரை ஒரே அளவா வரணும். காற்றுத் துப்பாக்கி வேண்டாம், ஒரு பக்கமா இழுத்துடும். டார்க் எவ்வளவுன்னா கிட்டோட வர்ற தாள்ல இருக்கறதுதான் கணக்கு. ஒரு அந்தாசுக்கு, 8.8 தரத்துல காய்ஞ்ச 12 மி.மீ. மரைக்கு 80–90 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ.க்கு 130–140. மரையில எண்ணெய் இருந்தா உராய்வு குறைஞ்சு, அதே டார்க்குல கம்பி அதிகமா இழுபடும். தாள் "காய்ஞ்ச மரை"ன்னு சொன்னா துடைச்சுட்டு முறுக்குங்க.

கடைசியா, ரொம்ப முக்கியமா: கண் போல்ட்டும் ஷேக்கிள் போல்ட்டும் முழு டார்க் வைக்கிறது வண்டி நாலு சக்கரத்துல தரையில நிக்கும்போதுதான், கூண்டும் பெட்டியும் இருக்கிற நிலையில. ஆக்ஸில் தொங்கும்போது முறுக்கினா புஷ் அந்தத் தொங்குற கோணத்துல பூட்டிக்கும். தரைக்கு வந்ததும் ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும். வண்டி நாலு நாள் உயரமா நிக்கும், சந்தோஷமா இருக்கும், அப்புறம் ரப்பர் கிழிஞ்சு தாழும்.

மலைப்பாதை

சென்டர்போல்ட் அண்ணா, முன் கண் போல்ட்டோட தலை டேங்க் பக்கம் இருந்தா? பாதி வெளியே வந்து டேங்கில் முட்டி நிற்குமே. வெட்டிவிடலாமா?

சென்டர்போல்ட்

டேங்க் பக்கத்துல கட்டிங் வீல் போடுற நினைப்பே வேண்டாம், தீப்பொறி. டேங்க் பட்டியைத் தளர்த்தி, அடியில ஜாக்கியும் பலகையும் வெச்சு நாலு விரல் இறக்கினா போல்ட் வந்துடும். டேங்க் கால்வாசிக்குக் கீழ இருக்கிற நாள்ல வேலையை வெச்சுக்கிட்டா கனமும் இருக்காது. திரும்பப் போடும்போது இடம் இருந்தா போல்ட்டை வெளிப்பக்கத்துல இருந்து உள்ளே போடுங்க, அடுத்த முறை கஷ்டம் இல்லை.

நிறுத்துதூரம்

யாரும் பிரேக் வால்வைப் பற்றி விரிவாகப் பேசவில்லை, அதனால் நுழைகிறேன்.

பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ இருக்கும். அதன் மேல்முனையில் பாரமறியும் பிரேக் வால்வு. வண்டி தாழ்ந்தால் "பாரம் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் "காலி" என்று குறைக்கும். அதற்கு எடை தெரியாது, உயரம் மட்டுமே தெரியும்.

இப்போது நீங்கள் பாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் ஏற்றுகிறீர்கள். பின்னால் 1160 கிலோ உட்கார்ந்திருக்க, வால்வு காலி வண்டி என்று நினைத்துப் பின்பிரேக்கை அடக்குகிறது. எல்லாச் சுமையும் முன்பிரேக்குக்குப் போகும். டிஸ்க் சூடாகும், நிற்கும் தூரம் நீளும், பெடலில் ஒன்றுமே தெரியாது. ஏர்பேக் போட்டாலும் இதே கதைதான். பாரம் ஏற ஏறக் காற்றைக் கூட்டி உயரத்தைப் பழையபடி நிறுத்துகிறோமே.

வால்வு இருக்கும் வண்டியில் ஸ்பிரிங் எவ்வளவு உயர்த்துகிறதோ அந்த அளவுக்குக் கம்பியின் கீழ்ப்பிடியையும் மேலேற்றும் பிராக்கெட் போட வேண்டும். அதன்பின் சர்வீஸ் மேனுவலில் சொன்னபடி முன், பின் குழாய்களில் பிரஷர் கேஜ் மாட்டிச் சரிபார்ப்பதுதான் முறை. கண்ணளவில் கம்பியை வளைக்க வேண்டாம். பின்பிரேக் அழுத்தம் அதிகமாகிவிட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஏ.பி.எஸ்.ஸே பின்பிரேக் பங்கீட்டைக் கவனிக்கும் வண்டிகளில் இந்த வால்வு இருக்காது. கீழே படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியே ஹெட்லைட்டையும் ஒருமுறை சரி செய்யுங்கள். பின்னால் ஏறியதும் வெளிச்சம் தரையைப் பார்க்கும்.

மலைப்பாதை

இன்னொரு கேள்வி. புது பட்டை போட்ட வண்டிகளில் முதல் கியரில் நகரும்போது அடியில் ஒரு உதறல் வரும், 30க்கு மேல் போனால் மறைந்துவிடும். பட்டையின் குறையா?

பட்டைக்கணக்கு

பட்டை அல்ல, ஷாஃப்ட் கோணம். பின்பக்கம் உயர்ந்ததும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலைச் சுழற்றும் தண்டு) சரிவு கூடுகிறது. இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் நடுவிலுள்ள சென்டர் பேரிங் பழைய இடத்திலேயே இருப்பதால், அதற்குப் பின்னாலுள்ள கிராஸ் ஜாயிண்ட் அளவுக்கு மேல் மடிகிறது. சென்டர் பேரிங் பிடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்து இறக்கினால் பெரும்பாலும் தீரும்.

ஒரே துண்டு ஷாஃப்ட் என்றால் கோணமானியை எடுத்து கியர்பாக்ஸ் முனையையும் பினியன் முகத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத்தகடு. 2 டிகிரி, 3 டிகிரி என்று கிடைக்கும். இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கிப் பிளக்கும். உங்களுடையது ஆக்ஸிலுக்கு மேலே பட்டை, அதனால் பினியன் மூக்கை உயர்த்த ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் பின்புறம் பார்க்க வேண்டும். ஆப்பு வைத்தால் சென்டர் போல்ட் தலை குழிக்கு எட்டாது, நீளமான போல்ட் மாற்ற வேண்டும். பட்டைக் கட்டை சி-கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கிப் பிடித்த பிறகே சென்டர் போல்ட்டைக் கழற்றுங்கள். வளைந்த பட்டையில் அடங்கியிருக்கும் விசை முகத்தில் அடித்துவிடும்.

ஷேக்கிளையும் பாருங்கள். பாரத்தோடு நிற்கும்போது அதன் கீழ்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பட்டை அமுங்கும்போது நீள்கிறது, அந்த நீளத்துக்கு வழிவிடத்தான் ஷேக்கிள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் வளைவு அதிகமான பட்டை என்று பொருள், ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு வரும்.

கூண்டுவண்டி

மிக்க நன்றி. பட்டை செட் முடிவு. வால்வு எங்கள் வண்டியில் இருக்கிறது, கீழே படுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு சந்தேகம்: பழைய ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில்தான் இருக்கிறது, அதையே போடலாமா? ஒரு பட்டை மட்டும் கூடுதலாகச் செருகினால் போதாதா என்று ஒருவர் சொல்கிறார்.

காற்றுப்பை

ஷாக் அப்சார்பர் மாற்றியே ஆக வேண்டும். கசிவு இல்லாமல் இருந்தாலும் அது மென்மையான பட்டைக்கு அளந்து செய்தது. கடினப் பட்டை திரும்பி எழும் வேகத்தை அதால் அடக்க முடியாது, ஒரு மேடு ஏறினால் மூன்று முறை ஆடும். நீளமும் பாருங்கள். இந்த அமைப்பில் ஆக்ஸில் தொங்கும் எல்லையை நிறுத்துவதே பெரும்பாலும் ஷாக் அப்சார்பர்தான். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் உள்முனை இழுத்து அறையும். இரட்டைக்குழாய் வகை என்றால் நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கு ஐந்தாறு முறை இழுத்து அழுத்திவிட்டு மாட்டுங்கள், உள்ளே காற்று இருந்தால் போய்விடும். தண்டைப் பிளையரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

சென்டர்போல்ட்

ஒத்தைப் பட்டை செருகுறதைப் பத்தி: தொய்ஞ்ச செட்டுல ஒரு விறைப்பான குட்டைப் பட்டை போட்டா, பாரமெல்லாம் அந்தக் குட்டைப் பட்டை முனை மேல்பட்டையைத் தொடுற இடத்துல குவியும். மேல்பட்டை அங்கதான் உடையும். போடுறதா இருந்தா நீளமான பட்டையா, நீள வரிசைப்படி அதுக்குரிய இடத்துல போடணும். உங்களுக்கு அது வேண்டாம், முழு செட்டே போடுங்க.

மாட்டி முடிச்சதும் ஒரு டேப் எடுத்து, முன்சக்கர நடுவுல இருந்து பின்சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க, ஸ்டீயரிங் நேரா இருக்கணும். 3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா ஒரு சென்டர் போல்ட் குழியில இறங்கலைன்னு அர்த்தம். அவிழ்த்துப் போடுங்க. அப்படியே ஓட்டினா வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும், டயர் ஒருபக்கமா தேயும்.

ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்க்குற மாதிரி, பின்னாடியும் ஒருமுறை சேஸிஸைத் தூக்கி ஆக்ஸிலை முழுசாத் தொங்கவிட்டு ஹோஸ், வயர், மூச்சுக்குழாய் எல்லாம் தளர்வா இருக்கான்னு பாருங்க.

யூ-போல்ட்டை 100 கிலோமீட்டர்ல ஒருமுறை, 500ல ஒருமுறை, 1000ல ஒருமுறை திரும்ப டார்க் வையுங்க. முதல் முறை கால் சுற்று நகரும், அது இயல்புதான். மூணாவது முறையும் நகர்ந்தா அடியில பெயின்டோ துருவோ இன்னும் நசுங்கிக்கிட்டிருக்கு. யூ-போல்ட் தளர்ந்தா பட்டை நடுவுல, சென்டர் போல்ட் ஓட்டை இருக்கிற இடத்துல, வளைய ஆரம்பிக்கும். மெயின் பட்டை உடையுறது அந்த ஓட்டையிலதான். நட்டு மேலயும் தகடு மேலயும் சேர்த்து வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வையுங்க. கோடு விலகினா குனிஞ்சு பார்த்தாலே தெரியும், ரெஞ்ச் கூட வேண்டாம்.